கைக்கு வராத கடிதமும் லாக்கப்பில் ஓர் இரவும்

சிங்கப்பூரில், காலையில் தொழிற்பேட்டை ஓரம் நின்று இடியாப்பம் விற்றேன். அதற்காக ஓர் இரவு லாக்கப்பில் இருந்தேன். இரண்டுக்கும் நடுவில் பல மாதம் ஓடியிருந்தது, அந்த மாதங்களில் எனக்கு எதிராக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. அப்போது விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இவ்வளவு தூரம் போயிருக்காது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் புளோக்கில் யாராவது ஒருத்திக்குத் தேவைப்படும்.

என் கணவரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அடி தாங்க முடியாமல் ஜூரோங் வெஸ்ட் வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு கிளம்பி, ஈசூனில் அக்கா வீட்டுக்கு வந்தேன் என்பது போதும். மூத்தவள் தொடக்கநிலை ஒன்று, சின்னவன் அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தான். அக்காவுக்கு மதியம் இரண்டு மணிக்கு வேலை. அதனால் நான் அதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். இந்த நேரத்துக்கு ஒத்துவந்த ஒரே வேலை, ஓர் அலுவலகத்தில் பகுதிநேரத் துப்புரவு. மாதம் 650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கணவர் ஒரு காசு அனுப்பவில்லை. பால்மாவு, டயப்பர், பள்ளிச் செலவு, அக்கா வீட்டுக் கரண்ட் பில்லில் என் பங்கு என்று கணக்குப் போட்டால் இருபதாம் தேதிக்கே கை காலி. அத்தான் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் மூன்றறை வீட்டில் ஏழு பேர் இருக்கும்போது, ஒன்றும் சொல்லாதவர் முகத்தைப் பார்ப்பதுதான் ரொம்பக் கஷ்டம்.

எனக்குத் தெரிந்த தொழில் இடியாப்பம். எங்கள் பாட்டி செம்பவாங் பக்கம் கூடையில் வைத்து வீடு வீடாக விற்றவர். 1971 முதல் 1986 வரை அரசாங்கம் தெருவோரக் கடைக்காரர்களை எல்லாம் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றியபோது பாட்டிக்கு வயதாகிவிட்டது, கடை எடுக்கவில்லை. அந்தத் தெருவோரச் சாப்பாட்டில் பிறந்த உணவங்காடிக் கலாசாரம்தான் 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அன்றைக்கு ஃபேஸ்புக் முழுக்க வாழ்த்து. பாட்டி இன்றைக்கு இருந்து அதே கூடையோடு தெருவில் இறங்கினால் அபராதம்தான். தெரு சுத்தமாக இருக்க வேண்டும், சாப்பாட்டில் கிருமி வரக்கூடாது, எல்லாம் சரி. நான் அதற்கு எதிரி இல்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பிழிவேன். பழுப்புக் காகிதத்தில் மூன்று இடியாப்பம், மேலே துருவிய தேங்காய், ஓரமாக பிரவுன் சீனி, ரப்பர் பேண்ட். இரண்டு வெள்ளி. ஈசூன் தொழிற்பேட்டைப் பக்கம் ஐந்தரை மணிக்கு லாரியில் வந்து இறங்கும், ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் வாங்குவார்கள். "அக்கா, எங்க ஊர்ல தேங்காப்பால் ஊத்துவாங்க, சீனிய எதுக்கு இப்படிக் கொட்டுறீங்க" என்று ஒருவன் தினமும் சொல்லிவிட்டு தினமும் வாங்குவான். ஏழு மணிக்குள் பை காலியாகிவிடும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது வெள்ளி மிஞ்சும். உரிமம் இல்லாமல் வெளியில் விற்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். உணவங்காடியில் கடை எடுக்கும் வசதி இருந்தால் மூன்று மணிக்கு எழுந்து நடைபாதையில் ஏன் நிற்கிறேன்?

ஒரு நாள் காலை பிடிபட்டேன். பிடித்தவர்களைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு அதிகாரிகள், மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவர் அடையாள அட்டையை வாங்கி எழுதிக்கொண்டார். இன்னொருவர் பையிலிருந்த பொட்டலங்களைத் தரையில் வரிசையாக அடுக்கி ஃபோட்டோ எடுத்தார். எடுத்து முடித்ததும் ஒவ்வொன்றாகக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டார். கடைசிப் பொட்டலத்தின் ரப்பர் பேண்ட் அறுந்து, இடியாப்பம் அவர் கையுறையில் ஒட்டிக்கொண்டது. அவர் அதை உதறினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. "கடிதம் வரும் மேடம், அதில் இருக்கும் தேதிக்குள் கட்டுங்கள்" என்றார்கள். அடையாள அட்டையில் இருந்தது ஜூரோங் வெஸ்ட் முகவரி.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி, அப்புறம் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உரிமம் இல்லாமல் தெருவில் விற்றால், நீதிமன்றம் வரை போனால் முதல் தடவை 5,000 வெள்ளி வரை அபராதம். மறுபடியும் பிடிபட்டால் 10,000 வரை போகும், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. ஆனால் இதே இடியாப்பத்தை, இதே கையால், வீட்டில் சமைத்து ஆர்டருக்கு விற்றால் குற்றமே இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சின்ன அளவில் சமைத்து விற்க உரிமம் தேவையில்லை. வாசலில் பலகை மாட்டக்கூடாது, வெளியாளை வேலைக்கு வைக்கக்கூடாது, பெரிய கடைக்கான அடுப்பு, இயந்திரம் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது. வாங்குபவர் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம், நாம் கொண்டுபோயும் கொடுக்கலாம். ஆனால் பொது இடத்தில் பரப்பி வைத்து விற்கக்கூடாது. அதாவது ஆர்டர் முதலில் வரவேண்டும், சாப்பாடு அப்புறம் போகவேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். அந்தத் தம்பிகளிடம் முதல்நாள் இரவே வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கியிருக்கலாம் என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். உறவுக்காரர் வீட்டில் தங்கியிருப்பவர் அந்த வீட்டுக்காரரின் சம்மதத்தை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதம் வரவில்லை. ஒரு மாதம் பயந்துகொண்டே இருந்தேன். அப்புறம் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். கடிதங்கள் எல்லாம் ஒழுங்காக ஜூரோங் வெஸ்ட் தபால் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. முதலில் 300 வெள்ளி சமரசத் தொகை, அதாவது நீதிமன்றம் போகாமல் முடித்துக்கொள்வதற்கான தொகை, கட்டச் சொல்லி ஒன்று. கட்டாததால் நினைவூட்டல் ஒன்று. அதற்கும் பதில் இல்லாததால் நீதிமன்றச் சம்மன். அந்தத் தேதியில் நான் போய் நிற்காததால் கைதாணை. இதில் எந்தப் படியிலும் யாரும் சட்டத்தை மீறவில்லை. கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பினால் போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது. தபால் பெட்டிச் சாவி கணவரிடம். அவர் ஏன் எனக்குச் சொல்லப்போகிறார்?

முகவரியை மாற்றியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். வீடு மாறினால் 28 நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் பதிய வேண்டும். பதியாவிட்டால் அதுவே தனிக் குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. அடிக்குப் பயந்து ஓடிவந்த ஒருத்திக்கு "இது என் புதிய முகவரி" என்று எழுதிக்கொடுக்கும் துணிச்சல் எத்தனை நாளில் வரும்? அக்கா வீடு நிரந்தரமா, அடுத்த மாதம் வேறு எங்காவது போக வேண்டுமா, அதுவே தெரியாது. அத்தானுக்கு வேறு ஒரு கவலை: என் முகவரியைப் பதிந்தால் வீட்டுக் கணக்கில் ஏதாவது சிக்கல் வருமோ என்று. உறவுக்காரர் முகவரியாகப் பதிவதால் வீட்டில் நமக்குப் பங்கு எதுவும் வந்துவிடாது. அவருக்கு அதைப் புரியவைக்கவே எனக்கு ரொம்ப நாளாயிற்று. ஓடிவந்து நிற்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: துணிமணிக்கு முன்னால் முகவரி. அந்த ஆணையத்தின் (ஐசிஏ) இணையத்தளத்தில் சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளம்) வழியாகவே செய்யலாம். கணவருக்குத் தெரிந்துவிடும் என்று பயமிருந்தால் குடும்பச் சேவை நிலையத்துச் சமூக ஊழியரிடம் பேசுங்கள், அவர்கள் வழி சொல்வார்கள். அது முடியும்வரை பழைய பெட்டியைப் பார்க்க பக்கத்து வீட்டில் ஓர் ஆளைப் பிடித்து வையுங்கள்.

மலேசியாவில், ஜோகூரில் பெரியம்மா தவறிவிட்டார். அக்காவும் நானும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்குப் போனோம். மாலை நேரம், தைப்பூச விடுமுறைக் கூட்டம் மாதிரி நெரிசல். அக்கா முன்னால் கடந்துவிட்டாள். என் கடப்பிதழை வைத்ததும் கதவு திறக்கவில்லை. ஓர் அதிகாரி வந்து "கொஞ்சம் இப்படி வாங்க" என்று ஓர் அறைக்கு அழைத்துப்போனார். ஏதோ பெயர்க் குழப்பம் என்றுதான் நினைத்தேன். "உங்கள் பேரில் கைதாணை இருக்கிறது, எதற்கென்று தெரியுமா?" என்றார். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கணவர் ஏதோ புகார் கொடுத்துவிட்டார் என்றுதான் முதலில் ஓடியது. உரிமமின்றி உணவு விற்றது என்று அவர் திரையைப் பார்த்துப் படித்தபோது, சிரிப்பு வந்துவிட்டது. பதற்றத்தில் வந்த சிரிப்பு. பெரிய மகள் என்னைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள். அக்காவைத் திரும்ப வரவழைத்து, பிள்ளைகளை அவளிடம் கொடுத்தேன். பெரியம்மா முகத்தை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

பிணையில் எடுக்க ஆள் வேண்டும். பிணை கொடுப்பவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், திவாலானவராக இருக்கக்கூடாது. அத்தான் பாதுகாவல் வேலையில் இரவு ஷிஃப்ட், ஃபோனை எடுக்கவில்லை. அக்கா வந்தால் நான்கு பிள்ளைகளை யார் பார்ப்பது? ஆக இரவு அங்கேதான். ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள். வேறு யாரையாவது கூப்பிடலாமே என்றால், எண் ஒன்றுகூட எனக்கு மனப்பாடம் இல்லை. தயவுசெய்து இரண்டு எண்களை மனப்பாடம் செய்யுங்கள், இல்லை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். இது கைதாகும்போது மட்டும் உதவும் விஷயம் இல்லை.

சின்னவன் அப்போது தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தான். இரவு பத்து மணிக்கு மேல் மார்பு கல்லாகிவிட்டது. வலியைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. சட்டை நனைந்ததை மறைக்கக் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பெண் காவலர் ஒருவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஒரு கட்டு டிஷ்யூ கொண்டுவந்து கொடுத்து, கழுவுதொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிழிந்து விட்டேன். என் பிள்ளைக்குரிய பால் கழுவுதொட்டியில் போனதை நான் மறக்கப்போவதில்லை. பால் கொடுப்பவர், மாதவிடாயில் இருப்பவர், மருந்து சாப்பிடுபவர் யாராக இருந்தாலும் உள்ளே போன உடனே சொல்லிவிடுங்கள். கேட்பது நம் உரிமை, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கலாம். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். எனக்கு மறுநாள் காலையே நடந்தது, ஆனால் அந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் இரவு அவ்வளவு நீண்டிருக்காது.

காலையில் நீதிமன்றக் கொட்டடியில் என்னோடு ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், கைக்குழந்தைக்காரி. ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாமல் வட்டிக்கு விடுபவனிடம், வாட்ஸ்அப்பில் 600 வெள்ளி கடன் வாங்கியிருக்கிறாள். கட்ட முடியவில்லை. "வங்கி ஏடிஎம் அட்டையும் பின் எண்ணும் கொடு, கடன் கழித்துவிடுகிறோம்" என்றார்கள், கொடுத்துவிட்டாள். அந்தக் கணக்கு வழியாக அவர்கள் மற்றவர்களுக்குக் கடன் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். இப்போது வழக்கு அவள் மேல். உரிமமில்லாமல் கடன் கொடுப்பவருக்கு உதவியதாகக் குற்றம் நிரூபணமானால், முதல் தடவைக்கே குறைந்தபட்ச அபராதம் 30,000 வெள்ளி. சிறையும் நான்காண்டு வரை போகலாம். நம் கணக்கு அந்தத் தொழிலுக்குப் பயன்பட்டிருந்தால் நாம் உதவியதாகவே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது நம் தலையில். 600 வெள்ளி இல்லாதவளிடம் 30,000 கேட்டால் அவள் எப்படிக் கட்டுவாள்? கட்டாவிட்டால் அதற்கும் சேர்த்துச் சிறை. ஆலோங் யார், எங்கே இருக்கிறான், அவளுக்கு முகம்கூடத் தெரியாது. இதைப் படிக்கும் யாராவது இப்போது அந்த நிலையில் இருந்தால்: கடன் வாங்கியதை வைத்து மிரட்டி அட்டை கேட்டால் கொடுக்காதீர்கள், சிங்பாஸ் விவரமும் கொடுக்காதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து சிங்பாஸ் விவரத்தைக் குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்து கொடுப்பதும் தனிக் குற்றம். கொடுத்துவிட்டீர்கள் என்றால் அன்றைக்கே வங்கியில் கணக்கை முடக்கி, காவல்நிலையத்தில் புகார் கொடுங்கள். அட்டை போன பிறகு தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் நமக்கு எதிராகத்தான் நிற்கும்.

நீதிமன்றத்தில் என் முறை சில நிமிடங்களில் முடிந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன், கொடுத்தார்கள். எனக்கு ஆங்கிலம் புரியும், இருந்தாலும் கேட்டேன். பயத்தில் இருக்கும்போது தாய்மொழியில் கேட்பது வேறு. மொழிபெயர்க்கும் நேரத்தில் யோசிக்கவும் ஒரு மூச்சு கிடைக்கும். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்றார்கள், ஒப்புக்கொண்டேன். தண்டனைக்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். அந்த இடம்தான் முக்கியம். என் கையில் ஒரு தாள்கூட இல்லை. சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவர் கடிதம், சமூகச் சேவை அலுவலகத்தில் உதவி வாங்கினால் அந்தக் கடிதம், வீடு மாறியதற்கு ஏதாவது ஆதாரம், இவை கையில் இருந்தால் பேச்சுக்கு எடை வரும். வாயால் சொன்னேன், நீதிபதி பொறுமையாகக் கேட்டார். அபராதம் 900 வெள்ளி, கட்டாவிட்டால் நான்கு நாள் சிறை. தவணையில் கட்ட அனுமதி கேட்டேன். கேட்டால் கிடைக்கும் என்று எனக்குச் சொன்னது காலையில் அந்த மலாய்ப் பெண்தான். நீதிபதிக்குத் தவணை கொடுக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் நாம் வாயைத் திறந்து கேட்க வேண்டும். அக்கா 200 வெள்ளி கொண்டுவந்தாள். மீதி மாதத் தவணை.

கட்டும் இடத்தில் எனக்கு முன்னால் ஒரு சீன ஆன்ட்டி. டிஷ்யூ விற்பவர். பழைய பசார் மலாயில் (சந்தைப் பேச்சு மலாய்) பேசிக்கொண்டோம். மகனுக்குத் தெரியாமல் வந்திருக்கிறார். டிஷ்யூ விற்க உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் போலத்தான். சரி, விற்காமல் கையை நீட்டினால்? பிச்சை எடுப்பதும் இங்கே குற்றம். ஆதரவற்றோர் சட்டப்படி, திரும்பத் திரும்பப் பிடிபடுபவருக்கு 3,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை. முதலில் உதவிக்குத்தான் அனுப்புகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆன்ட்டி சொன்னது: "உதவி கேட்கப் போனால் மகன் சம்பளத்தைக் கேட்கிறார்கள். மகனிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வராது."

இந்தச் சட்டங்கள் எதிலும் பெண் என்றோ ஏழை என்றோ ஒரு சொல் கிடையாது. ஆணும் மாட்டலாம், பணக்காரரும் மாட்டலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். முழுநேர வேலைக்குப் போக முடியாமல் பிள்ளையோடு கட்டுண்டு கிடப்பது யார், அதனால் வீட்டுச் சமையலை வெளியில் விற்பது யார், அடித்த வீட்டிலிருந்து ஓடிவந்து முகவரி இல்லாமல் நிற்பது யார், பால்மாவுக்குக் கடன் வாங்கி அட்டையைக் கொடுப்பது யார்? நல்ல சம்பளக்காரர் ஒருவருக்கு இதே 300 வெள்ளிக் கடிதம் வந்திருந்தால், பில் கட்டும் ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில் ஒரு நிமிடத்தில் கட்டிவிட்டுப் போயிருப்பார். நீதிமன்றத்தையே பார்த்திருக்கமாட்டார். எனக்கு அது 2,300 வெள்ளிக்கு மேல் ஆயிற்று. அன்றைய மாவு, தேங்காய், பொட்டலம் 90. நீதிமன்ற அபராதம் 900. சொல்லாமல் வராததால் துப்புரவு வேலை போய்விட்டது, மறு வேலை கிடைக்க இரண்டு மாதம், அது 1,300. அப்புறம் டாக்சி, பஸ். பின்லாந்தில் 1921 முதலே சில அபராதங்களை ஆளின் வருமானத்தைப் பார்த்துப் போடுகிறார்களாம், சட்ட ஆலோசனை முகாமில் ஓர் இளம் வழக்கறிஞர் சொன்னார். இங்கே அது வரும்போது வரட்டும்.

அதுவரை கையில் இருக்கும் வழிகளைச் சொல்கிறேன். முதல் கடிதம், அதாவது சமரசத் தொகை கேட்டு வரும் கடிதம்தான் மலிவு. அது வந்ததும் கட்ட முடியாவிட்டால் பேசாமல் இருக்காதீர்கள். அனுப்பிய அமைப்புக்கே எழுதுங்கள்: குறைக்க முடியுமா, தவணை உண்டா, இன்னும் அவகாசம் கிடைக்குமா என்று. தொகுதி மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போனால் நாடாளுமன்ற உறுப்பினர் அந்த அமைப்புக்குக் கடிதம் கொடுப்பார். நீதிமன்றத் தேதி குறித்துவிட்டாலும், அந்தத் தேதிக்கு முன்பு அமைப்போடு பேசினால் சில சமயம் தொகையை வாங்கிக்கொண்டு வழக்கைக் கைவிடுவதுண்டு. இதுபோன்ற சம்மன்களுக்கு மாலை 6 மணிக்கு மேல் இயங்கும் இரவு நீதிமன்றமும் இருக்கிறது, அதனால் வேலை போகும் என்ற பயத்தில் போகாமல் இருந்துவிடாதீர்கள். தேதி தவறிவிட்டது என்று தெரிந்தால், யாராவது வந்து பிடிக்கும்வரை காத்திருக்காமல், காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நீங்களே ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள அரசு நீதிமன்றத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஏற்பாடு செய்துவிட்டு நாமே போவதற்கும், சாவடியில் பிள்ளை கண்ணெதிரே பிடிபடுவதற்கும் நிறைய வித்தியாசம். அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கம்யூனிட்டி ஜஸ்டிஸ் சென்டர் இருக்கிறது, வழக்கறிஞர் இல்லாதவர்களுக்கு வழி காட்டுவார்கள். புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் இலவசச் சட்ட ஆலோசனைக்கும் முன்பதிவு செய்துகொள்ளலாம். நம் இந்தியக் குடும்பங்களுக்கு சிண்டா என்ற இந்தியர் சுய உதவி அமைப்பும் உண்டு. பெரிய வழக்கு என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய, வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கமே வழக்கறிஞர் தரும் பப்ளிக் டிஃபெண்டர்ஸ் ஆபீஸிலும் விசாரியுங்கள். எந்தச் சட்டத்தின்கீழ் வழக்கு, வீட்டு வருமானம் எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

அபராதம் கட்ட அத்தான் ஒரு யோசனை சொன்னார், உரிமம் பெற்ற கடன் நிறுவனத்தில் 500 வெள்ளி எடுக்கலாம் என்று. கணக்குப் போட்டுப் பார்த்தோம். நிர்வாகக் கட்டணம் பத்து விழுக்காடு வரை பிடிக்கலாம், ஆக கைக்கு 450தான். மாத வட்டி நான்கு விழுக்காடு வரை, தாமதமானால் மாதத்துக்கு 60 வெள்ளி வரை தனி. நீதிமன்றத் தவணைக்கு வட்டி இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் தவணைத் தேதியைத் தவறவிட்டால் மறுபடி சிக்கல், அதனால் அந்த மாதங்களில் சம்பளம் வந்ததும் முதல் வேலை அதுதான். ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் போட்டு வைத்தேன்.

வேலை தேடியபோது இன்னொன்று வந்தது. படிவத்தில் ஒரு கேள்வி: இதற்கு முன் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா? எல்லாக் குற்றமும் குற்றப் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஏறும் குற்றங்களிலும், மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம் என்றால், ஐந்தாண்டு வேறு குற்றமில்லாமல் இருந்தால் அந்தப் பதிவு கழிந்ததாக எடுத்துக்கொள்ளப்படும், அப்புறம் இல்லை என்றே சொல்லலாம். விதிவிலக்குகள் உண்டு, அதனால் உங்களுடையது எந்த வகை என்று சட்ட ஆலோசனையில் கேட்டுவிட்டு நிரப்புங்கள். நான் கேட்பதற்கு முன்பே ஓர் இடத்தில் உண்டு என்று டிக் செய்தேன். நேர்காணல் செய்த பெண் என்ன குற்றம் என்றார். "புட்டு மாயம் விற்றேன்" என்றேன், இடியாப்பத்துக்கு இங்கே மலாயில் அதுதான் பெயர். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, மேலாளரிடம் பேசிவிட்டு அழைப்பதாகச் சொன்னார். அழைப்பு வரவில்லை. இப்போது வேலை செய்யும் இடத்துப் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. பழைய வேலையைவிட 50 வெள்ளி குறைவு, ஆனால் ஒரு மணிக்கு விட்டுவிடுகிறார்கள். சனி, ஞாயிறு மட்டும் அக்கா வீட்டு அடுப்பில் ஆர்டருக்கு இடியாப்பம். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணியோடு ஆர்டரை நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் வந்தால் அடுத்த வாரம்தான்.